தரம் இருபத்தைந்து

ஆடி மாதம் முதல் தேதி, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி நாற்பது நிமிடம். மோகனூரில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மேகம் இருந்தது, மழை வரும் போல இல்லை. காவிரியில் தண்ணீர் செந்நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆடிப் பிறப்பு வழக்கப்படி தெருவில் தேங்காய் சுட்டார்கள். வாசலுக்கு ஒரு சின்னத் தீ, குச்சியில் செருகிய தேங்காயைத் திருப்பித் திருப்பிக் காட்டும் பிள்ளைகள், ஓடு கருகும் வாசனை, அதற்குள்ளிருந்து வெல்லம் உருகும் வாசனை. ஒன்பது தீ எண்ணினேன். போன வருடம் பதினான்கு. காற்று காரணமாக இருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டபோது நான் முன்பு கணக்கு எழுதிய கொலுசுப் பட்டறையின் மல்லிகா போனில் அழைத்தாள்.

"சார், அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. எதுக்கு?"

"நம்ம கொலுசுப் படம் அஞ்சு வேணும் சார். பளிச்சுனு இருக்கணும். திங்கக்கிழமை காட்டணும்."

சேலத்தில் ஒரு பெரிய நகைக்கடையில் வெள்ளிப் பிரிவுக்கு வடிவம் போட ஆள் எடுக்கிறார்களாம். படிப்பு எதுவாக இருந்தாலும் சரி, ஆனால் முன்பு தானே செய்த வடிவங்களின் படம் குறைந்தது ஐந்து தெளிவாகக் காட்ட வேண்டும். கையால் வரைந்து கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள். வரைய யாராலும் முடியும், செய்து முடித்த பொருளின் படம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாதச் சம்பளம், பி.எஃப். உண்டு. மல்லிகாவுக்கு நாற்பத்தாறு வயது. இப்போது வேறொருவர் பட்டறையில் சலங்கை பற்றவைத்து, பற்றவைத்த கணக்குக்குக் கூலி வாங்குகிறாள். இந்த வயதில் இன்னொரு முறை யாரும் கூப்பிடப் போவதில்லை என்பதை அவளும் அறிவாள், நானும் அறிவேன்.

"பாக்கறேம்மா" என்றேன். அந்தக் கணினியில் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருக்கின்றன. ஐம்பத்து மூன்று வடிவம், வடிவத்துக்கு நான்கு படம். அவற்றில் ஒன்றுகூடப் பளிச்சென்று இருக்காது. இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் வேலையாக இருந்தது.

கணினி மூலையறையில், என் மனைவியின் முறுக்கு டின்னுக்கு அடியில் இருந்தது. டின்னை எடுத்து, துணி விலக்கி, சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் முனகிவிட்டு ஓடியது. உள்ளே தூசி சூடாகி ஒரு வாசனை வந்தது பாருங்கள், அத்துடன் ஜன்னல் வழியாகத் தேங்காய்ப் புகையும் சேர்ந்துகொண்டதும் நான் சேலம் செவ்வாய்ப்பேட்டை மாடியில் இருந்தேன்.

கீழே மிளகாய் மண்டி, மேலே நாங்கள். பெரியண்ணனின் கொலுசுப் பட்டறைக்கு அதுதான் முகவரி. முதலாளிக்குப் பெயரே பெரியண்ணன். என்னைவிட இருபது வயது இளையவர். அவரைப் பெயர் சொல்லி அழைத்தால் அண்ணன் என்றாகும், முதலாளி என்றால் அவருக்குக் கூச்சம். ஆகவே ஆறு வருடமும் நான் அவரை எதுவும் சொல்லி அழைத்ததில்லை, இருமித்தான் கூப்பிட்டேன். மிளகாய் நெடியில் அது இயல்பாகவும் இருந்தது. மோகனூர் சர்க்கரை ஆலையில் கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்று, சேலத்தில் மகள் வீட்டில் இருந்த காலம் அது. பேரேடு எழுதப் போனேன். கணினியில் தட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் படங்களும் என் தலையில் விழுந்தன.

பட்டறைக்கு உள்ளே ஆசிட் வாசனை. அதை அமுக்கிக்கொண்டு பூந்திக்கொட்டை வாசனை. வெளுத்து எடுத்த கொலுசைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டு பிரஷால் தேய்ப்பார்கள், நுரை வடிந்ததும் வெள்ளி கண்ணைப் பறிக்கும். இன்றைக்கும் என் மனைவி பட்டுப்புடவை அலசப் பூந்திக்கொட்டை ஊறவைத்தால் நான் திரும்பிப் பார்ப்பேன், எங்கே பளபளப்பு என்று. பக்கெட்டும் புடவையும்தான் இருக்கும்.

வடிவம் எல்லாம் மல்லிகா போடுவது. பெரியண்ணனின் மனைவி, தம்மம்பட்டிப் பக்கத்துப் பெண். பெரியண்ணன் பரமத்திக்காரர், மூச்சுக்கு மூன்று 'ங்க' போடுவார். இவள் அதில் கஞ்சம். ஆனால் கையில் கஞ்சமில்லை. ஒரு தட்டில் கம்பித் துண்டுகளையும் சலங்கைகளையும் கொட்டிக்கொண்டு உட்காருவாள். அரை மணி நேரத்தில் அது ஒரு கொடியாகியிருக்கும். நான் பார்த்தவற்றில் சிறந்தது ஏழாம் எண் வடிவம். வளைந்து வளைந்து போகும் ஒரு கொடி, வளைவின் உள்பக்கம் மட்டும் சலங்கை, மொத்தம் முப்பத்தாறு. நடந்தால் சத்தம் வெளியே தெறிக்காமல் காலோடு ஒட்டி வரும். இதைப் பெண்கள்தான் சொன்னார்கள், நானாகக் கண்டுபிடித்ததில்லை.

அந்தத் தொழிலின் பயம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அங்கே வெள்ளி களவு போவதைவிட வடிவம் களவு போவதுதான் பெரிய பயம். சலங்கை எத்தனை என்று தெரிந்தால் எடை தெரிந்துவிடும். எடை தெரிந்தால் கூலி தெரியும். கூலி தெரிந்தால் அடுத்த சந்துக்காரன் அதே கொலுசை நாலு ரூபாய் குறைத்துப் போடுவான். எனவே வியாபாரிகள் வந்தால் செல்போனை வாசலில் ஒரு பிரம்புக் கூடையில் போட்டுவிட்டுத்தான் மேலே ஏறவேண்டும். துணியை விலக்கிக் கொலுசைக் காட்டுவார் பெரியண்ணன், எதிராளியின் உதடு அசைந்தால் மூடிவிடுவார். உதடு அசைந்தால் எண்ணுகிறான் என்று அர்த்தம். எனக்கு எண்ணும்போது உதடு அசையும். சேர்ந்த முதல் வாரம் என்னையே சந்தேகப்பட்டார்கள்.

பயம் வெறும் பயமும் இல்லை. மல்லிகா போட்ட மூன்றாம் எண், கடைக்குப் போன நாலாம் நாள், டவுன் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் காலில் இருந்தது. வளைவு ஒன்றுதான் மாற்றம். மல்லிகா இறங்கி வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

அப்படிப்பட்டவர்கள் வெப்சைட் போட்டார்கள். ஏஜெண்டுகள் கமிஷனில் கொழுக்கிறார்கள், ஆந்திராக்காரரும் மராட்டியக்காரரும் படம் பார்த்து நேரடியாக நம்மிடம் வாங்கட்டும் என்று பெரியண்ணனுக்கு ஆசை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனிப் பையன் வந்து எல்லாம் செய்து கொடுத்தான். கேமராவில் எடுத்தால் படம் ஒவ்வொன்றும் நாலு எம்.பி. இருக்கும், அப்படியே ஏற்றினால் வெப்சைட் திறப்பதற்குள் ஆள் ஓடிவிடுவான், நூறு கே.பி.க்குக் கீழே சுருக்கி, ஜேபெக்காக மாற்றித்தான் ஏற்றவேண்டும் என்றான்.

"எப்படிச் சுருக்கறது தம்பி?"

"ஈஸி சார். நெட்ல ஒரு சைட் இருக்கு. படத்த அதுல போட்டா அவங்களே சுருக்கித் திருப்பிக் குடுத்துருவாங்க. இலவசம்."

பெரியண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "ஏனுங்க தம்பி, ஊரு பேரு தெரியாதவன் ஊட்டுக்கு நம்ம கொலுச அனுப்பி, அவன் பாத்துட்டுத் திருப்பித் தருவானுங்களா? அதுவும் சும்மா? சும்மா எவனுங்க செய்வான்?"

பையன் என்னைப் பார்த்தான். நான் பேரேட்டைப் பார்த்தேன்.

ஆகவே எங்கள் கணினியிலேயே சுருக்குவது என்று முடிவாயிற்று. பையன் ஒரு சாப்ட்வேர் போட்டுக் கொடுத்தான். ஒரு போல்டரைக் காட்டினால் அதிலுள்ள படங்களை மொத்தமாகச் சுருக்கி இன்னொரு போல்டரில் போடும். அதற்கு நெட் தேவையில்லை. தேவையில்லை என்றதும் பெரியண்ணன் ஒரு விதி செய்தார். படவேலை நடக்கும்போது நெட் வயரைப் பிடுங்கி மேசைமேல், அவர் கண்ணில் படும்படி வைக்கவேண்டும். தினமும் கேட்பார்.

"வயரப் புடுங்கிட்டீங்களா சார்?"

"இதோ இருக்கு."

"அக்கட்டால தள்ளி வைங்க. கிட்ட இருந்தா ஒரு மாதிரி இருக்குது."

வயர் பாம்பு மாதிரி மேசை ஓரத்தில் கிடக்கும். மல்லிகா தேநீர் கொண்டுவந்தால், "கடிச்சிராதுல்ல?" என்று கேட்டுவிட்டு வைப்பாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சாப்ட்வேரில் 'தரம்' என்று ஒரு கோடு உண்டு, பூஜ்யத்திலிருந்து நூறு வரை. வலப்பக்கம் தள்ளினால் படம் தெளிவு, கனம் அதிகம். இடப்பக்கம் தள்ளினால் கனம் குறையும், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளையெல்லாம் கலந்து ஒன்றாக்கிவிடும். எண்பதில் வைத்துச் சுருக்கினேன். ஏழாம் எண் கொலுசு தொண்ணூறு கே.பி.க்கு வந்தது, அழகாக இருந்தது. எனக்குப் பெருமை. பெரியண்ணன் திரையருகே குனிந்தார்.

"சார், எண்ணுங்க."

எண்ணினேன். முப்பத்தாறு.

"நீங்க எண்ணுனா அவனும் எண்ணுவான்ல?"

அறுபதுக்கு இறக்கினேன். முப்பத்தாறு. நாற்பது. முப்பத்தாறு. அகலத்தையும் பாதியாக்கி, தரத்தை இருபத்தைந்துக்குக் கொண்டுவந்தேன். எனக்கு ஒரு முறை முப்பத்தைந்து வந்தது, மறுமுறை முப்பத்தெட்டு. பெரியண்ணனுக்கு நாற்பது. மல்லிகாவைக் கூப்பிட்டோம். திரையைப் பார்க்காமலேயே "முப்பத்தாறு" என்றாள்.

"பாத்து எண்ணும்மா."

"நான் எதுக்கு சார் பாக்கணும்? பத்தவெச்சவ நான்." பிறகு பார்த்தாள். "இது கொலுசா, வெங்காயச் சருகா?"

"வாங்கறவனுக்கு வளவு தெரிஞ்சாப் போதும்" என்றார் பெரியண்ணன். "சலங்க தெரியணும்னா பணங்கட்டி வாங்கிப் பாக்கட்டும். இருவத்தஞ்சுலயே வெச்சுருங்க சார்."

அப்படித்தான் எங்கள் முறை அமைந்தது. எண்ண முடிந்தால் தள்ளுபடி, எண்ண முடியாவிட்டால் தேர்ச்சி. வாழ்நாளெல்லாம் எண்ணிச் சரிபார்த்தவனுக்கு, எண்ணித் தவறினால்தான் சரி என்கிற உத்தியோகம். விளையாட்டாகத்தான் இருந்தது. நல்ல ஆள் கிடைத்தேன் அவர்களுக்கு. என்னாலேயே எண்ண முடியவில்லை என்றால் ஊரில் எவனாலும் முடியாது.

படம் சுருங்கியதும் மூலப்படங்களை அழிக்கவேண்டும், இது இரண்டாவது விதி. கணினி என்றைக்காவது ரிப்பேருக்குப் போகும், போகிற இடத்தில் எடுத்துவிடுவார்கள் என்று பயம். எனவே அன்றன்றைக்கு நாலு எம்.பி. படங்கள் அத்தனையும் காலி, கேமரா அட்டையும் காலி. அழித்தவை போய் விழும் குப்பைத்தொட்டியைத் திறந்து, அதுவும் காலியாக இருப்பதை பெரியண்ணனுக்குக் காட்டிய பிறகே வயரை மறுபடி செருகுவேன். ஒரு முறை பின்னணி நீக்கிய பி.என்.ஜி. படங்களை ஜேபெக் ஆக்கியபோது, வெள்ளையாக இருக்கவேண்டிய பின்னணி கருப்பாகிவிட்டது. வெள்ளி அதில்தான் எடுப்பாகத் தெரிந்தது. மல்லிகா கைதட்டினாள். "கருப்பு வேண்டாங்க, வெள்ளிக்கெழம வேற" என்று பெரியண்ணன் சொல்லிவிட்டார். அவற்றையும் அழித்தேன்.

வெப்சைட்டைப் பார்த்துவிட்டு முதல் போன் விஜயவாடாவிலிருந்து வந்தது. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். அந்த மனிதர் தெரிந்த தமிழில் பொறுமையாகக் கேட்டார்: "சார், உங்க கொலுசு அலுமினியமா?"

சாம்பல் நிறத்தில் சதுரம் சதுரமாகத் தெரிந்தால் பாவம் அவர் வேறென்ன நினைப்பார். தரத்தை ஐம்பதாக்கலாம் என்று நான் சொன்னேன், மல்லிகா எண்பது என்றாள். பெரியண்ணன் இரவெல்லாம் யோசித்து வந்து முப்பது என்றார். முப்பதில் மறுபடி எண்ணிப் பார்த்தோம், சலங்கை முப்பத்தாறு என்று சரியாக வந்துவிட்டது. இருபத்தைந்துக்கே திரும்பினோம். இரண்டு வருடத்தில் வெப்சைட் வழியாக வந்த ஆர்டர் மொத்தம் மூன்று. ஒன்று பெரியண்ணனின் மச்சான். வடிவம் ஒன்றுகூடக் களவு போகவில்லை, அதைச் சொல்லவேண்டும். மற்றபடி விற்கவும் இல்லை, வெப்சைட்டை நம்பி விலக்கிய ஏஜெண்டுகளும் திரும்பி வரவில்லை.

விற்காத வெள்ளிக்கு ஒரு சௌகரியம் உண்டு, அதுவே அதன் கேடும். புடவை விற்காவிட்டால் புடவையாகக் கிடக்கும். கொலுசு விற்காவிட்டால் உருக்கிவிடலாம். ஐம்பத்து மூன்று வடிவமும் ஒவ்வொன்றாக வெள்ளி உருக்கும் மண்கிண்ணமான குகைக்குப் போயின. அச்சுகளைப் பழைய இரும்புக்கு எடைபோட்டார்கள். மல்லிகாவின் மகள் காலில் கிடந்த ஏழாம் எண் ஜோடி அவளுடைய கல்லூரிச் சேர்க்கையின்போது போயிற்று. பட்டறையைக் காலிசெய்த அன்று பெரியண்ணன் கணினியை என்னிடம் கொடுத்தார். "நீங்களே வெச்சுக்கங்க சார். வெளியாளுங்க கைக்குப் போனா மனசு கேக்காது." அப்போதும் அவருக்கு அந்தப் பயம் போகவில்லை.

இத்தனையும் அந்தத் தூசி வாசனையில் வந்துபோனது. திரையில் போல்டரைத் திறந்தேன். ஏழாம் எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எண்ணினேன். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பது. உதடு அசைந்ததுதான் மிச்சம். எங்கள் வேலையில் நாங்கள் குறையே வைக்கவில்லை.

சனிக்கிழமை கணினிப் பெட்டியைச் சாக்கில் கட்டி நாமக்கல்லுக்குக் கொண்டுபோனேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டார். அழிந்த படங்களை மீட்டுத் தருவதாகப் பலகை வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அங்கிருந்தவர் நாற்பது வயதுக்காரர், நல்ல மனிதர், சாயங்காலம் வரை தோண்டினார்.

"சாமி, அழிச்ச எடத்து மேலயே நீங்க வருசக்கணக்கா வேற என்னென்னமோ எழுதி வெச்சுருக்கீங்க. என்னதுங்க அதெல்லாம்?"

வீட்டுக் கணக்கு. பால், கரண்ட், மாத்திரை. பட்டறை மூடிய பிறகு மூன்று வருடம் தினமும் அதில்தான் போட்டுவந்தேன், கண் மங்கும் வரை. பேரன் பேத்திகளின் வீடியோக்களையும் மருமகன் அதில்தான் கொட்டி வைத்திருந்தார். கொலுசுகள் அதற்கடியில் போய்விட்டன.

"வேற ஒண்ணு பண்ணலாமுங்க" என்றார் அவர். மங்கிய படத்தைக் கொடுத்தால் தானே தெளிவாக்கித் தரும் சாப்ட்வேர் வந்துவிட்டதாம். ஐந்து படம் கொடுத்தேன். ஏழாம் எண் வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெள்ளி வெள்ளியாக இருந்தது. ஒவ்வொரு சலங்கையும் தனித்தனியாக, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெளிச்சப் பொட்டோடு. கெட்டித் தாளில் அச்செடுத்தேன். பழைய படங்களையும் ஒரு துணைக்கு அச்செடுத்துக்கொண்டேன். எண்ணவில்லை. எண்ணாமல் ஒரு பொருளை நான் வாங்கி வந்தது என் நினைவில் அது ஒன்றுதான். எண்ணிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குள் ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்குப் போனேன். பெரியண்ணன் வீட்டில் இல்லை, வேறொரு பட்டறையில் ஞாயிறும் பாலிஷ் வேலை. மல்லிகா கைகளைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். முகம் மலர்ந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மலர்ந்தது. பிறகு தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

"இது நான் செஞ்சதில்ல சார்."

"ஏழாம் நம்பர்தாம்மா. கம்ப்யூட்டர் கொஞ்சம் தெளிவாக்கியிருக்கு."

"சலங்க நாப்பத்தொண்ணு இருக்கு. வளவுக்கு வெளியவும் தொங்குது. நடந்தா ஊரே திரும்பிப் பாக்கும்." விரலை ஓரத்துக்குக் கொண்டுபோனாள். "பூட்டே இல்ல பாருங்க. ரெண்டு பக்கமும் கொக்கிதான் இருக்கு. இத எவ கால்ல எப்படி மாட்டுவா?"

நான் பார்த்தேன். இரண்டு முனையிலும் கொக்கி. ஆளைப் பார்க்காதவன் வரைந்த முகம் மாதிரி எல்லாம் இருந்தது, எதுவும் சரியில்லை.

"அவங்களுக்கு என்னம்மா தெரியப்போகுது? காட்டிட்டு வா."

"வெள்ளிக்கடைக்காரங்களுக்குப் பூட்டு தெரியாதா சார்?" என்றாள். கோபமில்லை. "தெரியலன்னாலும், நாளைக்கு இதையே செஞ்சு குடுன்னா நான் எத செய்வேன்?"

தாள்களை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். கணினிக் கற்பனையில் ஐந்து, எங்கள் இருபத்தைந்தில் ஐந்து. இரண்டாவது ஐந்தை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் வாங்கிப்போன மிக்சரை ஒரு தட்டில் கொட்டி எனக்கே வைத்தாள். "அவர்கிட்ட இதச் சொல்ல வேணாம் சார். படம் நல்லா வந்துச்சுன்னு சொல்லிக்கறேன்."

திங்கட்கிழமை அந்தப் படங்களோடு போயிருக்கிறாள். வரிசையில் பதினேழு பேர், அவள் பன்னிரண்டாவது. மற்றவர்கள் கையில் டேப்லெட். அவளுடைய தாள்களை வாங்கி ஒருவர் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாராம், இன்னொருவரிடம் கொடுத்தாராம், அவரும் சாய்த்துப் பார்த்தாராம். "சொல்லி அனுப்பறோம்மா" என்றார்களாம். இரவு போனில் இதைச் சொல்லிவிட்டு, "தேங்கா சுட்டீங்களா சார் இந்த வருசம்?" என்று கேட்டாள். சுடவில்லை என்றேன்.

இதை எழுதும் இன்று ஆடி இருபத்தாறு. சொல்லி அனுப்பவில்லை. செவ்வாய்ப்பேட்டை மாடியில் இப்போது மண்டிக்காரரின் சாக்குகள் கிடக்கின்றன. பிரம்புக் கூடை எங்கே போனதோ. எங்கள் வெப்சைட் பெயரைத் தட்டினால் ஏதோ சூதாட்ட விளம்பரம் வருகிறது. ஏழாம் எண் உலகத்தில் எங்கேயும் இல்லை, மல்லிகாவின் கையில் மட்டும் இருக்கிறது. அந்தக் கை இப்போது வேறொருவர் வடிவத்துக்குச் சலங்கை வைக்கிறது. கணினிமேல் முறுக்கு டின் பழையபடி ஏறிவிட்டது.

கம்ப்யூட்டர் சென்டருக்கும் அச்சுக்கும், பஸ்ஸுக்கும், பெட்டிக்குப் போட்ட லக்கேஜுக்கும், வெறுங்கையோடு போகக் கூடாதென்று வாங்கிய அரைக் கிலோ மிக்சருக்கும் சேர்த்து எனக்கு ஆன செலவு ஆயிரத்து இருநூற்று எண்பத்திரண்டு ரூபாய்.